அச்சாபீஸ் அம்மாவின் கைப்பை

"காதுல எண்ணெய ஊத்தினது யாரு? நானா, நீங்களா?"

"ஊத்தினேன். என் தம்பி காது, ஊத்தினேன். வலியில துடிக்கிறவனுக்கு நாலு சொட்டு எண்ணெய் ஊத்தினா அது கொலைக்குத்தமா? நீ பஞ்ச வச்சு அடைச்சு உக்கார வச்சியே, அதுக்கு என்ன பேரு?"

"அவரா அடைச்சுக்கிட்டாரு, அண்ணி."

"ஆமா, அவனா அடைச்சுக்கிட்டான். அவனா இனிப்பும் எடுத்துத் தின்னான். நீ பாவம், ஒண்ணும் தெரியாதவ."

இனிப்பு என்ற சொல் வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தா அது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கையில் ஃபிளாஸ்க்கும் இன்னொரு கையில் பழப்பையுமாக மாப்பிள்ளையின் அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அச்சாபீஸ் அம்மா தன் நாத்தனாரின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள். நாத்தனாரும் முகத்தைக் குழைத்துக்கொண்டு, "சாப்டியாம்மா நீ?" என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

தெருமுனையில் அச்சாபீஸ் வைத்திருப்பவரின் மனைவி என்பதால் அவளை எல்லோரும் அச்சாபீஸ் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனார் அவள் கணவரின் அக்கா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவளுக்கு அந்த வாரம் அதுவரை முடிந்திருக்கவில்லை. அன்றைக்கு நோயாளியைப் பார்க்க வந்த தெருக்காரர்கள் இரண்டு பேர் லிஃப்ட் வாசலிலேயே நின்று சண்டையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அதனால்தான் இந்தக் கதை இவ்வளவு விவரமாக வெளியே வந்தது.

அறைக்குள் அச்சாபீஸ்காரர் காய்ச்சலில் புரண்டுகொண்டிருந்தார். கழுத்து பலகை மாதிரி விறைத்திருந்தது. விளக்கை அணை, விளக்கை அணை என்று கத்தினார். பக்கத்தில் நின்ற மகளை அக்கா என்று கூப்பிட்டார். எழுத்துப்பிழை ஒன்றைப் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிற மனிதருக்குப் பெற்ற மகள் யாரென்று தெரியவில்லை.

இதில் இனிப்பு எங்கே வந்தது என்றால், அதற்குச் சம்பந்தம் பேசிய நாளுக்குப் போக வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா விதவை. அவர் கணவரைச் சர்க்கரை நோய் தவணை முறையில் கொண்டுபோயிருந்தது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு கண்பார்வை, கடைசியில் ஆள். அதனால் பெண் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் நகையைப் பற்றிக் கேட்கவில்லை, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா என் பேரப்பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கமும் அது வேணாம்."

மகளுக்கு வந்த வரன்களிலேயே நல்ல வரன் அது. பையனுக்கு நல்ல வேலை, நல்ல குணம். முக்கியமாக, மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அச்சாபீஸ் அம்மா மூச்சுவிடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்றாள். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பரம்பரைக்கே உத்தரவாதம் கொடுத்தது அவளுடைய சொந்தச் சரக்கு. அச்சாபீஸ்காரர் அப்போது பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரைக்காரர். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவருடைய மருந்து குளிர்சாதனப் பெட்டியில், வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்த தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னாலேயே இருந்தது.

அவர்கள் போன பிறகு மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, அவர்தான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றாரே என்று கேட்டாள். தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்கிறவர்கள்தான் முதலில் நினைப்பார்கள் என்று அம்மா அவளை அடக்கினாள். அச்சாபீஸ்காரர் சிரித்தார். அவருக்கு மனைவி சொல்வது எல்லாமே சரி. அச்சில் வந்துவிட்டால் திருத்த முடியாது என்பது அவர் தொழில் தர்மம்.

ஒரு பொய்யைப் பெற்றுப் போட்டால் அதற்குத் தீனியும் போட வேண்டும். தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தபோது சம்பந்தியம்மா தட்டு நிறைய இனிப்பு கொண்டுவந்திருந்தார். அவரே எடுத்து நீட்டினார். அச்சாபீஸ்காரர் ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. அதையும் சாப்பிட்டார். மூன்றாவதை அந்த அம்மாவே அவர் கையில் வைத்தார். அச்சாபீஸ் அம்மா சிரித்துக்கொண்டே, இவருக்கு இனிப்பென்றால் உயிர் என்று எடுத்துக் கொடுத்தாள். பத்து வருஷமாக வாயைக் கட்டியிருந்த மனிதருக்கு அன்றைக்கு உத்தரவு கிடைத்தது. அதற்கப்புறம் மிச்சம் இருந்ததையும் நாலு நாளில் அவரே காலி செய்தார். கேட்டால், வீட்டில் வைத்திருந்தால் சந்தேகம் வராதா என்றார்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காதில் சீழ் வடியும் தொந்தரவு உண்டு. சர்க்கரை ஏறினால் அதுவும் ஏறும். அந்த வாரம் காது வலித்தது, வடிந்தது, அவர் பஞ்சை அடைத்தார், அக்கா எண்ணெய் ஊற்றினாள். காய்ச்சல் வந்தது. தலைவலி என்று இரண்டு நாள் படுத்தார். அன்று காலை எழுந்து, அச்சு எந்திரம் எங்கே, யார் தூக்கிக்கொண்டு போனது என்று படுக்கையறையில் தேட ஆரம்பித்தபோதுதான் வீடு பயந்தது. அச்சாபீஸ் அம்மா மீட்டரில் பார்த்தாள், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டியதும் சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். தன் தங்கை மகள் டாக்டராக இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று அவரே கூட்டிக்கொண்டு வந்தார். காலை ஊசியைப் போடக்கூட நேரமில்லை. மீட்டரும், ஸ்ட்ரிப் டப்பாவும், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இன்சுலின் ஊசிபோடும் பேனாவும் அச்சாபீஸ் அம்மாவின் கைப்பைக்குள் ஏறின.

டாக்டர் இளம்பெண். படபடப்பில்லாமல் வேலை பார்க்கிறவர். கழுத்தை வளைத்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், காதைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, சுகர் உண்டா.

கட்டிலின் கால்மாட்டில் சம்பந்தியம்மா நோயாளியின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள் அச்சாபீஸ் அம்மா.

நாத்தனார் மின்விசிறியைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று சந்தேகப்படுவதாக டாக்டர் சொன்னார். உடனே ஒரு வீரியமான ஆன்டிபயாடிக் ஊசியைப் போடச் சொன்னார். எந்தக் கிருமி, கிருமிதானா என்பதைத் தெரிந்துகொள்ள முதுகுத்தண்டு நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற நீர் அது, கீழ்முதுகில் ஊசி வைத்து எடுப்போம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா, "எல்லாம் நம்ம பொண்ணு பாத்துக்கும், நீங்க சும்மா இருங்க," என்று முடித்துவிட்டார்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, மரவட்டை மாதிரி சுருட்டினார்கள். தோளைப் பிடித்துக்கொள்ளும் வேலை மனைவிக்கு. ஊசி இறங்கியபோது அவர் ஒரு தரம் முனகினார். பிறகு நீர் சொட்டுச் சொட்டாகச் சின்னக் குப்பிகளில் விழுந்தது. டாக்டர் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது, லேசாக மங்கல் தட்டியிருக்கிறதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகும்போது நர்ஸிடம், இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ரத்தத்தில் சர்க்கரையும் இப்போதே பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் மீட்டரைத் திறந்தாள். ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது. பக்கத்து வார்டில் கேட்டாள், அங்கும் இல்லை. திரும்பி வந்து, வராந்தாவில் இருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் பொதுவாக, யாரிடமாவது சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் இருக்குமா என்று கேட்டாள். அச்சாபீஸ் அம்மா கைப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறை பற்றிய படத்தை அக்கறையாகப் படித்தாள். டப்பாவில் பாதிக்கு மேல் ஸ்ட்ரிப் இருந்தது. சரி, லேப் ஆள் வந்து ரத்தம் எடுக்கட்டும் என்று நர்ஸ் போய்விட்டாள். லேப் ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

இந்த இடத்தில்தான் அச்சாபீஸ் அம்மாவின் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காலையிலிருந்து இன்சுலின் போடவில்லை. காலையிலேயே கன்னாபின்னாவென்று இருந்த சர்க்கரை இந்நேரம் எங்கே போயிருக்கும். சுகர் இல்லை என்று சொல்லியாகிவிட்டது, அதனால் டாக்டர் தானாக இன்சுலின் போடப் போவதில்லை. அப்படியானால் நாமே போட்டுவிட வேண்டியதுதான். சம்பந்தியம்மா காபி வாங்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து அவள் திரையை இழுத்துவிட்டாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், போர்வைக்குள் கையை விட்டு வயிற்றில் போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே போட்டாள். நர்ஸ் திரும்பி வந்தபோது அவள் கணவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் தன் சாமர்த்தியத்துக்குத் தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள் என்றும் சொல்ல வேண்டும்.

லேப் ஆள் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் எடுத்தார்.

சாயங்காலம் எல்லோரையும் டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மனைவி, மகள், நாத்தனார், சம்பந்தியம்மா என்று நாலு பேர் உள்ளே போனதும் கதவைச் சாத்த இடமில்லை. டாக்டர் முகம் தெளிவாக இருந்தது. நல்ல செய்திதான் என்றார். முதுகுத்தண்டு நீரில் அணுக்கள் கூடியிருக்கின்றன, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் கிருமி எதுவும் கண்ணில் படவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இன்னும் இரண்டு நாளாகும். முக்கியமான விஷயம், சர்க்கரை குறையவில்லை.

"மூளைக்காய்ச்சல்ல ரெண்டு வகை இருக்கு பெரியம்மா," என்று அவர் சம்பந்தியம்மாவைப் பார்த்துத்தான் விளக்கினார். "பாக்டீரியாவால வர்றது ரொம்ப மோசம். அது உள்ள போயிட்டா அந்த நீர்ல இருக்கிற சர்க்கரை கரைஞ்சு போயிடும். வைரஸ்னா பெரும்பாலும் அப்படி ஆகாது. சாதாரணமா ரத்தத்துல எவ்வளவு இருக்கோ, அதுல பாதிக்கு மேல அந்த நீர்ல இருக்கணும். இவருக்கு நீர்ல எழுபது. ரத்தத்துல நூத்தி இருபது. கணக்கு சரியா இருக்கு. பெரிய டாக்டரும் வைரஸாத்தான் இருக்கும்னு சொல்றாரு. அந்த ஊசிய நிறுத்திட்டுக் கவனிக்கலாம்னாரு."

சம்பந்தியம்மா மேலே பார்த்துக் கும்பிட்டார். எண்ணெயால் ஒன்றும் ஆகாது என்று அப்போதே சொன்னேனே என்றாள் நாத்தனார். மகள் அழுதாள், நிம்மதியில்.

அச்சாபீஸ் அம்மாவும் ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தாள். அப்புறம் அந்த நூற்று இருபது மண்டையில் உறைத்தது. அந்த நூற்று இருபது அவருடையதில்லை. அது அவள் பேனாவால் எழுதியது. நீரை எடுத்தபோது ரத்தத்தில் என்ன இருந்தது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ரத்தத்துல அதிகமா இருந்திருந்தா, டாக்டர்?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கும்? அவருக்குத்தான் சுகரே இல்லையே," என்று டாக்டர் சிரித்தார். "ஒரு பேச்சுக்கு, முந்நூறுக்கு மேல இருந்துச்சுன்னு வைங்க. அப்ப எழுபதுங்கிறது ரொம்பக் கம்மி. பாக்டீரியான்னுதான் எடுத்துக்கணும். அப்ப ஊசிய நிறுத்தவே கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். எல்லோரும் வெளியே வந்தார்கள்.

வராந்தா மூலையில் நாத்தனாரை இழுத்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். பேனாவை, நேரத்தை, எல்லாவற்றையும். நீங்கள் போய்ச் சொல்லுங்கள் அண்ணி, உங்கள் தம்பிதானே, நீங்கள் சொன்னால் அவ்வளவு தப்பாகத் தெரியாது என்று கெஞ்சினாள்.

"பரம்பரையிலேயே இல்லன்னு சொன்னப்ப என்னையக் கேட்டியா? இப்ப மட்டும் நான் வேணுமா?" என்றாள் நாத்தனார். பிறகு அவளும் கலங்கிப்போய், "இப்படிச் சொல்லு. இன்னைக்குத்தான் புதுசா வந்துச்சுன்னு சொல்லு," என்றாள்.

சுகர் என்ன, வாசலில் வந்து நிற்கிற கூரியரா, இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்ல? ஆனால் அச்சாபீஸ் அம்மா அதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். அதுதான் பின்னாளில் அவளை அதிகம் சுட்டது. பொய் சொன்னதைக்கூட அவள் பயம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை தெரிந்த பிறகும் அடுத்த பொய்க்கு அளவெடுத்த அந்த ஒரு நிமிஷத்துக்கு அவளிடம் சமாதானம் இல்லை.

டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அவர் சம்பந்தியின் தங்கை மகள். டாக்டரிடம் சொல்வதும் சம்பந்தியிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். அதனால் காரணம் சொல்லாமல் காரியத்தை மட்டும் முடிக்கப் பார்த்தாள். அறை வாசலுக்குப் போய், எதற்கும் அந்த ஊசியை நிறுத்தாமல் போட்டுவிடுங்களேன் என்றாள். தேவையில்லாமல் அவ்வளவு வீரியமான மருந்து எதற்கு, உடம்பு தாங்க வேண்டாமா என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் முதுகில் இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாமா என்றாள். டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். சம்பந்தியம்மா வந்து தோளில் கைவைத்து, டாக்டருக்குத் தெரியாததா சம்பந்தி, நீங்கள் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கை இதமாக இருந்தது. அவளுக்கு அதைத் தட்டிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

கட்டிலருகே நர்ஸ் மருந்துப் பாட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அச்சாபீஸ்காரர் அமைதியாகப் படுத்திருந்தார். காலையிலிருந்து கத்தியவர், புரண்டவர், இப்போது அசையவில்லை. தூங்குகிறார், நல்லதுதான் என்றாள் நர்ஸ்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "ஏங்க, இங்க பாருங்க."

நெற்றி ஜில்லென்று வேர்த்திருந்தது. இமை அசைந்தது. திறக்கவில்லை.

டாக்டரின் அறையில் சம்பந்தியம்மாவும் மகளும் போனில் கல்யாணப் புடவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி பிழைத்துவிட்டார் என்ற தெம்பில் அந்த அம்மா, மயில் நிறமா மாம்பழ நிறமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அச்சாபீஸ் அம்மா உள்ளே போய்க் கைப்பையைத் திறந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மீட்டர். ஸ்ட்ரிப் டப்பா. கண்ணாடிக் கூடு. அதைத் திறந்தும் வைத்தாள்.

"இது யாரோடது?" என்றார் டாக்டர்.

"அவரோடது. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"இன்னைக்குப் போட்டீங்களா?"

"முதுகுல தண்ணி எடுத்து முடிச்சீங்களே, அப்புறம் போட்டேன். ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி. திரைய இழுத்துவிட்டுட்டுப் போட்டேன்."

"காலைல மீட்டர்ல எவ்வளவு இருந்துச்சு?"

மீட்டரை அழுத்திக் காட்டினாள். முந்நூற்று நாற்பத்தெட்டு என்று அது காட்டியது. டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மீட்டரையே எடுத்துக்கொண்டு ஓடினார்.

நல்லவேளையாக ஓடினார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை தரைதட்டியிருந்தது. சாப்பிடாத மனிதருக்குக் கூடுதலாகப் போட்ட ஊசி அது. சர்க்கரை நோயாளிக்கு அவசர அவசரமாக க்ளூக்கோஸ் ஏற்றினார்கள். கழற்றிய மருந்துப் பாட்டில் திரும்ப ஏறியது. பெரிய டாக்டர் வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், சொந்தக்காரர்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே பெஞ்சில் அச்சாபீஸ் அம்மாவும் சம்பந்தியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு இடம் இல்லை. மகள் ஜன்னலோரம் நின்றாள். அச்சாபீஸ் அம்மா திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும். அந்த அம்மா கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு அவருக்கு மூணு இனிப்பு குடுத்தேனே."

"நாங்க சொல்லியிருக்கணும், சம்பந்தி. தப்பு எங்க மேலதான்."

"இல்ல. உங்க வீட்ல தண்ணி பாட்டில எடுக்கும்போது அந்த மருந்து டப்பாவ நான் பாத்தேன். என் வீட்டுக்காரருக்குப் போட்ட அதே மருந்து. எனக்குத் தெரியாதா அந்த டப்பா. நேராக் கேட்டிருக்கலாம். கேக்கல. தின்ன வச்சுப் பாப்போம்னு குடுத்தேன். ஒண்ணு தின்னாரு. ரெண்டாவது குடுத்தேன். மூணாவது குடுத்தப்ப அவர் என்னப் பாத்தாரு. எனக்கு அப்பவே தெரியும்."

ஒருத்தி மறைத்தாள், ஒருத்தி சோதித்தாள், நடுவில் ஒரு மனிதர் மூன்று இனிப்பையும் மரியாதைக்காக மென்று விழுங்கினார். இரண்டு பேரும் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் இரண்டு சம்பந்திகளும் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்தார்களாம்.

மகள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். அதுவும் திரும்பிப் பார்க்காமல்.

"அந்த நர்ஸ் ஸ்ட்ரிப் இருக்கான்னு கேட்டப்பவாவது குடுத்திருக்கலாமேம்மா."

கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. காதிலிருந்து மூளைக்கு ஏறியிருந்த பாக்டீரியாதான். டாக்டர் அந்த முடிவைச் சொல்ல வந்தபோது கையிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே, நீரை எடுக்கும்போதே ரத்தமும் எடுத்திருக்க வேண்டும், நான் கூடவே நின்று எடுக்க வைக்காமல் போய்விட்டேன் என்றார். யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அச்சாபீஸ் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தன் பொய்யால் இந்தப் பெண்ணும் தலைகுனிய வேண்டியதாகிவிட்டதே என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

அச்சாபீஸ்காரர் பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தார், மகளை மகள் என்று அடையாளம் கண்டார், ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் இருந்த எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார். ஆனால் ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் பாதிதான் மிச்சம். மருந்தை நிறுத்திய அந்தக் கொஞ்ச நேரத்தால் ஆனதா என்று மனைவி கேட்டாள். இந்த நோயில் சரியான நேரத்துக்கு மருந்து போட்டாலும் அப்படி ஆகலாம் என்றார் டாக்டர். ஆகலாம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு தூங்கவும் முடியாது, அதை விட்டுவிடவும் முடியாது. அச்சாபீஸ்காரருக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. யாராவது எழுதிக் காட்டினார்களா என்பதும் தெரியவில்லை. அவர் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் அவளும் சொல்லவில்லை. சத்தம் போட்டுச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். தெருவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

கல்யாணத்தை யாரும் நிறுத்தவில்லை. அதைத்தான் தெரு இன்றைக்கும் நம்ப மறுக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பவில்லை, பெண் வீட்டாரும் பின்வாங்கவில்லை. குறித்த தேதி வந்தது, போனது. இவர்கள் போன் செய்வார்கள் என்று அவர்களும், எந்த முகத்தை வைத்துக்கொண்டு போன் செய்வது என்று இவர்களும் இருந்தார்கள். பையன் மட்டும் ஒரு தரம் அச்சாபீஸ் வரைக்கும் வந்தானாம். மகள் அவனிடம் வாசலில் நின்றே கொஞ்ச நேரம் பேசினாள். அவன் போன பிறகு, இரண்டு அம்மாக்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாத வீட்டில் நான் எப்படிப் போய் இருப்பது என்று கேட்டாளாம்.

அடுத்த வருஷம் அந்தப் பையனுக்குத் தூரத்துச் சொந்தத்தில் பெண் முடிந்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சுகர் உண்டு, சம்பந்தியம்மாவுக்கு அது தெரிந்தே முடித்தார் என்று பேச்சு. இளம் டாக்டர் மேல்படிப்புக்கு வேறு ஊர் போய், அங்கேயே கூடப் படித்தவரைக் கட்டிக்கொண்டார். நாத்தனாரின் ஒரு வாரம் ஒருவழியாக முடிந்து, மருமகள் பிரசவத்துக்கென்று மகன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அச்சாபீஸ்காரர் மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அங்கே ஒருவனைப் பார்த்து, அவன் வீட்டாரிடம் பேச வேண்டியதையெல்லாம் அவளே போனில் பேசி முடித்து, தேதியை மட்டும் வீட்டுக்குத் தெரிவித்தாள். அப்பாவுக்கு எழுதிக் காட்டினாள். அம்மாவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போன கோடையில் அச்சாபீஸை விற்றுவிட்டு அவர்களும் மகளின் ஊருக்கே குடிபோய்விட்டார்கள்.